புதுப்பிப்பு: கோட் 55 தண்டவாளமும் பழைய சக்கரங்களும்

என் ‘N’ ஸ்கேல் குட்டி மாடல் ரயிலுக்கு கோட் 80 தண்டவாளமா, கோட் 55-ஆ (இந்த எண் தண்டவாளத்தின் உயரம், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று) போன மாதம் கேட்டிருந்தேன். கோட் 55-தான் வாங்கினேன். 9 மி.மீ. அகலப் பாதையில் 1.4 மி.மீ. உயரத் தண்டவாளம், பார்க்க அத்தனை அழகு! ஓட்டியதும்தான் வம்பு. பழைய பெட்டிகள் கடகடவென்று அதிர்ந்தன. கண்ணைப் பாதையோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன்: சக்கரத்தின் ஃபிளாஞ்ச் (தண்டவாளத்தின் உட்பக்கமாகக் கீழே நீளும் விளிம்பு), தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் குட்டி ஆணித் தலைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறது. தடம் புரளவில்லை, ஆனால் சத்தம் தாங்காது.

சரி என்று ஒரு பெட்டிக்கு மட்டும் ஃபிளாஞ்ச் உயரம் குறைந்த உலோகச் சக்கரம் மாட்டினேன். வழுக்கிக்கொண்டு போகிறது. அச்சு நீளம் பார்த்து வாங்குங்கள். நான் முதலில் வாங்கியது போகியில் (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) உட்காரவே இல்லை.

பீக்கோ (Peco) நிறுவனத்தின் கோட் 55-இல் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. உயரமான தண்டவாளத்தின் அடிப்பகுதியைக் குறுக்குக் கட்டைக்குள் புதைத்திருப்பார்கள்; வெளியே தெரிவதுதான் கோட் 55 உயரம், ஃபிளாஞ்ச் எதிலும் இடிக்காது. என் பழைய எஞ்சின் மட்டும் இன்னும் ஓடாமல் அலமாரியில்தான்.