திரையிலிருந்து அமைச்சரவைக்கு: உஃபே எல்லெமன்-யென்சன் எடுத்த முடிவு சரியா?

கடலோடி:

அண்மையில் வேறோர் இழையில், "செய்தியாளராக இருந்தவர் கட்சிக்குள் போவது இரு தொழில்களுக்கும் செய்யும் துரோகம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் மறுக்கிறேன். 1982 செப்டம்பர் முதல் 1993 ஜனவரி வரை டென்மார்க்கின் வெளியுறவு அமைச்சராக இருந்த உஃபே எல்லெமன்-யென்சனின் வாழ்க்கையையே அதற்குச் சான்றாக முன்வைக்கிறேன்.

அவர் 1941 நவம்பர் 1 அன்று ஃபூன் தீவில் ஹோர்பி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை இதழாசிரியராகவும் வென்ஸ்ட்ரே கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். வென்ஸ்ட்ரே என்ற சொல்லுக்கு டேனிஷ் மொழியில் 'இடது' என்று பொருள். ஆனால் அது உழவர்களிடையே வேர்விட்ட, இன்று வலப்பக்கம் நிற்கும் தாராளவாதக் கட்சி. மகன் படைப்பணிக் காலத்தில் ரஷ்ய மொழி பயின்றார். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து 1969இல் பட்டம் பெற்றார். 1967 முதல் மாலை நாளேடு ஒன்றில் எழுதிய அவர், 1970 முதல் 1975 வரை தொலைக்காட்சியில் பொருளாதார, அரசியல் செய்தியாளராகப் பணியாற்றினார்.

அந்த ஐந்தாண்டுகளில் அந்த நாட்டில் நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள். 1972 அக்டோபரில் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்வது குறித்த பொதுவாக்கெடுப்பில் 63 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். அடுத்த ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தது. 1973 டிசம்பர் தேர்தலில், வரியே கூடாது என்று பேசிய மோகன்ஸ் கிளிஸ்ட்ரூப்பின் புதுக் கட்சி உட்பட, நாடாளுமன்றத்தில் ஐந்தாக இருந்த கட்சிகள் பத்தாகப் பெருகின. இத்தகைய காலத்தில் செலாவணி, வரி, விலைவாசி ஆகியவற்றை மீனவருக்கும் உழவருக்கும் விளங்கும்படி சில நிமிடங்களில் சொல்லிப் பழகிய ஒருவர், அந்தப் பழக்கத்தை வெளியுறவுத் துறைக்கு எடுத்துச் சென்றதில் என்ன துரோகம் இருக்கிறது?

சோவியத் ஒன்றியத்திடமிருந்து விடுதலை கோரிய பால்டிக் நாடுகளின் விவகாரத்தில் அந்தப் பயிற்சி வெளிப்பட்டது என்பது என் கருத்து. பெரிய நாடுகள் சோவியத் தலைவர் கோர்பச்சேவின் நிலைமை கெட்டுவிடுமோ என்று தயங்கி நின்றபோது, 1990இலேயே எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா ஆகிய மூன்று தலைநகரங்களிலும் டேனிஷ் பண்பாட்டு நிறுவனத்தின் கிளைகள் திறக்கப்பட்டன. 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்ற சில நாட்களுக்குள், ஐஸ்லாந்தை அடுத்து, டென்மார்க் அம்மூன்று நாடுகளோடும் தூதரக உறவை மீண்டும் தொடங்கியது. செய்தி எந்த நாளில் பழையதாகிவிடும் என்பதை அறிந்தவர் எடுத்த முடிவு அது.

செவ்விதழ்:

நண்பர் கடலோடி அவர்களுக்கு வணக்கம். இருபத்தெட்டு ஆண்டுகள் நாளிதழில் வேலை பார்த்தவன் என்ற முறையில் மறுப்பு எழுதுகிறேன். எல்லெமன்-யென்சனின் திறமையை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. என் கேள்வி வேறு.

டென்மார்க்கில் இரண்டாவது தேசியத் தொலைக்காட்சி 1988 அக்டோபர் 1 அன்றுதான் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1970களில் இருந்தது ஒரே ஒரு நிறுவனம், ஒரே ஓர் அலைவரிசை. அது மக்கள் கட்டிய உரிமக் கட்டணத்தில் நடந்தது. சுமார் ஐம்பது லட்சம் பேர் வாழும் நாட்டில், மாலைதோறும் அந்தத் திரையில் தோன்றுபவரின் முகம் எல்லாக் கட்சிக்காரருக்கும் பொதுவான முகம். அந்த நம்பிக்கை மக்கள் அவரது பதவிக்குக் கொடுத்தது. அவருக்குச் சொந்தமான முதல் அல்ல. அதை ஒரு கட்சியின் வாக்காக மாற்றிக்கொள்ளும்போது, அந்த இருக்கையில் அடுத்து வந்து அமரும் இளைஞரின் கேள்விகளை, "இவர் நாளை எந்தக் கட்சியில் நிற்பாரோ" என்ற ஐயத்தோடுதான் மக்கள் கேட்பார்கள்.

இது அவரோடு நின்றுவிடவும் இல்லை. கோனி ஹெடெகோர் 1984இல் 23 வயதில் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1990இல் விலகிச் செய்தித்துறைக்கு வந்து, பொது ஒலிபரப்பின் வானொலிச் செய்திப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். பிறகு இரவுநேரச் செய்தி நிகழ்ச்சியின் நெறியாளராக இருந்து, 2004இல் சுற்றுச்சூழல் அமைச்சரானார். அவரது பருவநிலைப் பணியை நான் மதிக்கிறேன். ஆனால் கதவு இரண்டு பக்கமும் இவ்வளவு எளிதாகத் திறந்தால், அது கதவாகவே இருக்காது.

இரண்டாவதாக, நேட்டோ அறிக்கைகளில் டென்மார்க் தன் மறுப்பை அடிக்குறிப்பாக எழுதிவந்த 1980களின் 'அடிக்குறிப்புக் காலத்தை' நீங்கள் தொடவே இல்லை.

கடலோடி:

செவ்விதழ் ஐயா, காலக்கணக்கை மட்டும் முதலில் நேர்செய்துகொள்வோம். அவர் திரையிலிருந்து நேராக வாக்குச்சாவடிக்குப் போகவில்லை. 1975இல் தொலைக்காட்சியை விட்டுப் 'போர்சன்' என்னும் வணிக நாளேட்டின் ஆசிரியரானார். அதையும் விட்ட பிறகே 1977இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தந்தை எந்தக் கட்சி என்பதும் ஊரறிந்த செய்தி. மறைத்து வைத்த சார்பைத்தான் நான் குற்றம் என்பேன். அறிவித்த சார்பை அல்ல.

அடிக்குறிப்புகளைப் பற்றி நீங்களே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

செவ்விதழ்:

எழுதுகிறேன், இதுதான் என் வாதத்தின் நடு.

1979 டிசம்பரில், டென்மார்க்கும் உறுப்பினராக உள்ள நேட்டோ படைக்கூட்டணி, மேற்கு ஐரோப்பாவில் 572 அணு ஏவுகணைகளை நிறுவுவதென்றும், அதேவேளை சோவியத் ஒன்றியத்தோடு பேசுவதென்றும் முடிவெடுத்தது. 1982இல் பிரதமர் பௌல் ஷ்லூட்டர், வென்ஸ்ட்ரே உட்பட நான்கு கட்சிகளைச் சேர்த்து அமைத்த அரசு சிறுபான்மை அரசு. பொருளாதாரத்தில் அதை வெளியிலிருந்து தாங்கிப் பிடித்த ரடிக்கால் வென்ஸ்ட்ரே (இது வென்ஸ்ட்ரேயிலிருந்து வேறான கட்சி), பாதுகாப்புக் கொள்கையில் மட்டும் சமூக ஜனநாயகவாதிகளோடும் சோசலிச மக்கள் கட்சியோடும் சேர்ந்து வாக்களித்தது. அதனால் அதே ஆண்டு டிசம்பரிலேயே, ஏவுகணைத் தளங்களுக்கான டென்மார்க்கின் பங்குத்தொகையை நிறுத்திவைக்க நாடாளுமன்றம் தீர்மானித்தது. 1988 வரை இப்படி இருபதுக்கும் மேற்பட்ட தீர்மானங்கள் அரசின் விருப்பத்துக்கு எதிராக நிறைவேறின. நேட்டோவின் கூட்டறிக்கைகளில் "இதை டென்மார்க் ஏற்கவில்லை" என்ற அடிக்குறிப்பைச் சேர்க்க வேண்டிய கடமை வெளியுறவு அமைச்சரான எல்லெமன்-யென்சனுக்கு வந்தது.

அந்தக் கொள்கை தவறு என்று அவர் உறுதியாக நம்பினார். நம்பிய ஒருவர் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் பிரஸ்ஸல்ஸுக்குப் போய், தாம் ஏற்காத வரியைத் தம் கையாலேயே எழுதி வைத்தார். இப்படி நடந்துகொண்ட ஓர் அமைச்சரைச் செய்தியாளராக இருந்த எல்லெமன்-யென்சன் தம் எதிரில் உட்கார வைத்திருந்தால், "அப்படியானால் ஏன் பதவியில் இருக்கிறீர்கள்?" என்பதுதானே முதல் கேள்வியாக இருந்திருக்கும்? 1988 ஏப்ரலில், டேனிஷ் துறைமுகங்களுக்கு வரும் போர்க்கப்பல்களுக்கு அணு ஆயுதத் தடையை நினைவூட்ட வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியபோதுதான் ஷ்லூட்டர் தேர்தலை அறிவித்தார். அதை 1983இலோ 1984இலோ செய்திருக்கலாம்.

கடலோடி:

அமைச்சர் விலகினால் கொள்கை மாறியிருக்குமா என்று முதலில் கேட்க வேண்டும். அந்தப் பெரும்பான்மை நாடாளுமன்றத்தில் இருந்தது, அமைச்சரவையில் அல்ல. வென்ஸ்ட்ரே வெளியேறி அரசு கவிழ்ந்திருந்தால், அடிக்குறிப்பை விரும்பியவர்களே அரசு அமைத்திருப்பார்கள்; அப்போது அது அடிக்குறிப்பாக நிற்காமல் கொள்கையின் தலைவரியாகவே ஆகியிருக்கும். அவர் நாடாளுமன்றத்தின் முடிவுக்குக் கட்டுப்பட்டார். ஆனால் தம் கருத்து வேறு என்பதை ஒருபோதும் மறைக்கவில்லை. தீர்மானத்தை நிறைவேற்றிக்கொண்டே அதை வெளிப்படையாக எதிர்த்துப் பேசுவது கோழைத்தனம் ஆகாது. மக்களாட்சியில் சிறுபான்மை அரசின் அமைச்சருக்கு வாய்த்த கடினமான வேலை அது.

1988 மே தேர்தலுக்குப் பிறகு ரடிக்கால் வென்ஸ்ட்ரே அரசுக்குள்ளேயே வந்துவிட்டது, அடிக்குறிப்புகள் நின்றன. 1990இல் 'ஓல்ஃபர்ட் ஃபிஷர்' என்ற போர்க்கப்பலை வளைகுடாவுக்கு அனுப்பும் அளவுக்கு டென்மார்க்கின் போக்கு மாறியது. காத்திருந்தவர்தான் அதைச் செய்ய முடிந்தது.

வடபுலத்தான்:

யூட்லாந்தில் பல ஆண்டுகளாக வாழ்பவன் நான். இந்த வாதம் இங்கே இன்னும் தீராத வாதம் என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

எல்லெமன்-யென்சன் 2004இல் எழுதிய நூல், பனிப்போரின் அந்த ஆண்டுகளை டென்மார்க் தன் கூட்டாளிகளைக் கைவிட்ட காலமாகவே காண்கிறது. ஆகவே கடலோடி சொல்வதைப் போல அது பொறுமைக்குக் கிடைத்த வெற்றி என்று அவரே எண்ணினாரா என்பது எனக்கு ஐயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் தமிழர்களாகிய நாம் இங்கே மறக்கலாகாது. அவருடைய அமைச்சுப் பதவி 1993 ஜனவரி 25 அன்று முடிந்தது. முடித்துவைத்தது வெளியுறவுக் கொள்கை அல்ல. டேனிஷ் மக்கள் 'தமிழர் வழக்கு' என்றே பெயரிட்டு அழைக்கும் விவகாரம் அது. இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்து இங்கே புகலிடம் பெற்ற தமிழர்களுக்கு, மனைவி மக்களை அழைத்துக்கொள்ளும் உரிமை சட்டப்படி இருந்தது. 1987இல் அந்த விண்ணப்பங்களைக் கிடப்பில் போடும்படி நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் செய்தார். 1989 ஏப்ரலில், எதுவும் கம்பளத்துக்கு அடியில் பெருக்கித் தள்ளப்படவில்லை என்று பிரதமர் ஷ்லூட்டர் நாடாளுமன்றத்தில் சொன்னார். நீதிபதி மோகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட்டின் விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வெளிவந்தது. சுமார் ஆறாயிரம் பக்கங்கள். பிரதமர் நாடாளுமன்றத்துக்குத் தவறான தகவல் தந்தார் என்று அது கண்டதால் அரசே பதவி விலகியது. 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தது.

குற்றம் எல்லெமன்-யென்சனுடையது என்று நான் சொல்லவில்லை. அறிக்கையின் முதன்மையான கண்டனம் நீதியமைச்சர் மீதும் பிரதமர் மீதும் இருந்தது. ஆனால் அந்தக் குடும்பங்கள் காத்திருந்த ஆண்டுகளில், அந்த மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களில் ஒருவர் கேள்வி கேட்பதையே தொழிலாகச் செய்தவர். இதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

கடலோடி:

ஐயா, உங்கள் வேதனையை மதிக்கிறேன். ஆனால் ஒருவர் கேட்டாரா, கேட்கவில்லையா என்பதற்குச் சான்று காட்டாமல் முன்னாள் தொழிலை வைத்து அவர்மீது கூடுதல் பொறுப்பு ஏற்றுவது நியாயமாகாது. பொறுப்பு அமைச்சரவை முழுவதற்கும் உண்டு, அவருக்கும் உண்டு. அதற்கு மேல் ஏற்றாதீர்கள்.

நிறைமதி:

நான் கேட்க நினைப்பது ஒன்றுதான். சிக்கலானதை மக்களுக்கு விளக்கும் ஆற்றலே அவரது தனிச்சிறப்பு என்றால், 1992 ஜூன் 2 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கும் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை 50.7 விழுக்காட்டினர் ஏன் நிராகரித்தார்கள்? அந்த ஒப்பந்தத்தைப் பேசி முடித்த வெளியுறவு அமைச்சர் அவர்தானே?

செவ்விதழ்:

நிறைமதி அம்மா கேட்டது சரியான கேள்வி. என் விடை இது. செய்தியாளர் விளக்கும்போது, கேட்பவர் தாமே முடிவு செய்துகொள்கிறார். அமைச்சர் விளக்கும்போது, முடிவு முன்னமே எடுக்கப்பட்டுவிட்டது என்பது கேட்பவருக்குத் தெரியும். அதே குரல், அதே தெளிவு. ஆனால் அந்தத் தெளிவே சிலருக்கு இறுமாப்பாகத் தோன்றிவிடுகிறது. அதே மாதம் 26ஆம் நாள் டென்மார்க் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையை வென்றபோது, அவர்களோடு சேர முடியாவிட்டால் அவர்களை வென்றுவிடு என்று அவர் சொன்ன வாக்கியம் உலகெங்கும் பரவியது. நல்ல வாக்கியம்தான். நல்ல வாக்கியம் சொல்பவருக்கு மக்கள் கைதட்டுவார்கள். ஆட்சியை ஒப்படைப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை. 1998 மார்ச் தேர்தலில் அதைக் கண்டோம்.

கடலோடி:

1998ஐ முழுவதும் சொல்லுங்கள். 1984இல் அவர் வென்ஸ்ட்ரேயின் தலைவரானார். 1987 தேர்தலில் 19 இடங்களோடு இருந்த கட்சி 1994இல் 42 இடங்களைப் பெற்றது. 1998இலும் 42. மொத்தம் 179 இடங்களில், அப்போதைய பிரதமரான சமூக ஜனநாயகவாதி பௌல் நூரூப் ராஸ்முசெனின் அணிக்கு 90, மற்றவர்களுக்கு 89. கடைசி இடம் டென்மார்க்கின் ஆட்சிக்கு உட்பட்ட பரோயே தீவுகளின் வாக்கு எண்ணிக்கையில்தான் முடிவானது. ஒரே ஓர் இட வித்தியாசத்தில் தோற்றவரை மக்கள் ஒதுக்கிவிட்டார்கள் என்று எழுதலாமா? தோற்றதும் அவர் தலைமையை ஆண்டர்ஸ் ஃபோக் ராஸ்முசெனிடம் விட்டு விலகினார். பதவியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அதற்கு முன் 1995இல் நேட்டோவின் தலைமைச் செயலர் பதவிக்கு அவர் பெயர் வலுவாக அடிபட்டது. பிரான்ஸ் இசையாததால் ஹவியர் சொலானாவுக்குப் போனது. அடிக்குறிப்பு எழுதிய நாட்டின் அமைச்சரை அந்தப் பதவிக்கு எண்ணிப் பார்த்தார்கள் என்றால், அந்த ஆறு ஆண்டுகளில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பது கூட்டாளிகளுக்குத் தெரிந்திருந்தது என்றே பொருள்.

வடபுலத்தான்:

மாஸ்ட்ரிக்ட் வாக்கெடுப்பின் பின்விளைவாக ஐரோப்பிய ஒன்றியத்தின் கூட்டுப்பணிகளிலிருந்து டென்மார்க் பெற்ற நான்கு விலக்குகளில் ஒன்று பாதுகாப்புத் துறை பற்றியது. ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு, 2022 ஜூன் 1 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 67 விழுக்காட்டினர் அதை நீக்க வாக்களித்தனர். எல்லெமன்-யென்சன் அதற்குப் பதினேழு நாட்கள் கழித்து, ஜூன் 18 அன்று, 80 வயதில் காலமானார். மகன் யாக்கோப் அப்போது வென்ஸ்ட்ரேயின் தலைவர்.

செவ்விதழ்:

கடலோடி அவர்களே, இரண்டு ஆண்டு இடைவெளியைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அவரை ஹெடெகோரோடு ஒரே தட்டில் வைத்தது என் அவசரம். பால்டிக் நாடுகளிலும் அவர் செய்ததற்கு மறுப்பில்லை. 1992இல் ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் கென்ஷரோடு சேர்ந்து பால்டிக் கடல் நாடுகளின் அவையைக் கோபன்ஹேகனில் தொடங்கியதையும் நீங்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அடிக்குறிப்பில் மட்டும் நான் நகரவில்லை. டென்மார்க் கூட்டாளிகளைக் கைவிட்டது என்று இருபது ஆண்டுகள் கழித்து எழுதியவர், அன்று அந்த டென்மார்க்கின் பெயரால் கையெழுத்திட்டவர். 1983இல் விலகி, மீண்டும் பேனாவை எடுத்து அதே வாக்கியத்தை எழுதியிருந்தால், அந்த எழுத்து அவருக்கு அமைச்சர் பதவியைவிடப் பெரிய இடத்தைத் தந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கடலோடி:

1983இல் அவர் விலகியிருந்தால், 1991 ஆகஸ்டில் அந்த நாற்காலியில் யார் இருந்திருப்பார் என்பதை நீங்கள் சொல்ல வேண்டும், ஐயா. உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.