கலைச்சொல் உதவி: 32 பிட் செயலியை 16 பிட் பாட்டையில் பூட்டினால் அதற்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

ஆப்பிளின் மாக்கின்டோஷ் எல்சி கணினி பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1990 அக்டோபர் 15 அன்று கிளாசிக், ஐஐஎஸ்ஐ இரண்டோடும் சேர்ந்து வெளிவந்த மூன்றில் இது நடுப்பிள்ளை. மூன்று அங்குலத்துக்கும் குறைந்த உயரத்தில் தட்டையான உடம்பு, வண்ணத் திரை, 2,500 டாலருக்குச் சற்றுக் குறைந்த விலை. அதே ஆண்டு மார்ச்சில் வந்த மாக்கின்டோஷ் ஐஐஎஃப்எக்ஸ் 10,000 டாலரை நெருங்கியது. அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் எல்சியை ஏன் ஆவலோடு வாங்கினார்கள் என்பது புரிகிறது.

ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். செயலி 68020, அதாவது உள்ளே 32 பிட். ஆனால் தாய்ப்பலகையில் தரவுப் பாட்டை, அதாவது செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவு போய்வரும் வழி ('பஸ்'), 16 பிட்தான். ஆங்கிலக் கட்டுரைகள் எல்லாம் இதை 'க்ரிப்பிள்டு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகின்றன. நான் "முடமாக்கப்பட்ட செயலி" என்று எழுதினேன். எழுதிய கையே கூசியது. மாற்றுச் சொல் வேண்டும்.

'என்ட்ரி லெவல்' என்பதற்குத் 'தொடக்கநிலை' போட்டிருக்கிறேன். அதுவும் சரிதானா என்று சொல்லுங்கள்.

* * *

> "முடமாக்கப்பட்ட செயலி" என்று எழுதினேன்

வேண்டவே வேண்டாம். மனிதர்களைப் புண்படுத்துகிற சொல்லை ஒரு சில்லுக்குச் சூட்டிப் பரப்ப வேண்டியதில்லை. 'முடக்கிய' என்றால் போதும். ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, யாருக்கும் விளக்க வேண்டாம்.

கொஞ்சம் உயிரோட்டம் வேண்டுமென்றால் 'கைகட்டிய செயலி'. வலிமை இருக்கிறது, கையைக் கட்டிவிட்டார்கள்.

* * *

இருவருக்கும் வணக்கம். மடல் நீளும், பொறுத்தருள்க.

> 'முடக்கிய' என்றால் போதும்

போதாது என்பது என் எண்ணம். முடக்கினால் ஒன்று வேலை செய்யாது. கணக்கை முடக்கினார்கள், போக்குவரத்தை முடக்கினார்கள் என்கிறோம். எல்சியில் எதுவும் நின்றுபோகவில்லை. 68020 தன் கட்டளைகள் அத்தனையையும் செய்கிறது. அதன் 32 பிட் பதிவகங்கள் (கணக்கிடும் எண்களைச் செயலி தனக்குள் வைத்திருக்கும் இடங்கள்) முழுசாக இருக்கின்றன. 32 பிட் எண் ஒன்றை நினைவகத்திலிருந்து கேட்டால் அது வந்து சேர்கிறது. ஒரே நடையில் வரவேண்டியது இரண்டு நடையாக வருகிறது, அவ்வளவுதான்.

இதற்கென்றே அந்தச் சில்லில் ஏற்பாடு உண்டு. எதிரே இருக்கும் பாட்டை 8 பிட்டா, 16 பிட்டா, 32 பிட்டா என்பதை ஒவ்வொரு நடையிலும் 68020 தெரிந்துகொள்ளும். 16 என்று பதில் வந்தால் மீதிப் பாதிக்கு மறுபடி போய்வரும். ஒரு நடைக்குக் குறைந்தது 3 கடிகாரத் துடிப்புகள். ஆக 3 துடிப்பில் முடியவேண்டியதற்கு 6. எழுதப்பட்ட நிரலுக்கு இது எதுவும் தெரியாது. நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

இப்போது ஒப்பிடுங்கள். 1987இல் வந்த மாக்கின்டோஷ் ஐஐ இதே 68020ஐ ஏறக்குறைய இதே 16 மெகாஹெர்ட்ஸில்தான் ஓட்டியது. அங்கே பாட்டை 32 பிட். மூன்றரை ஆண்டு கழித்து வந்த எல்சி அதைவிட மெதுவாக நடந்தது. சில்லின் மேல் அச்சிட்ட எண் அதேதான். இருக்கும் இடம் வேறு, அதனால் அளவு குறைந்துபோனது.

இடத்தைப் பொறுத்து அளவு குறைவது, வடிவம் மாறாமல் இருப்பது. இதைப் படித்தபோது எனக்கு உகரம்தான் நினைவுக்கு வந்தது.

'பசு' என்பதிலும் உகரம், 'பாக்கு' என்பதிலும் உகரம். எழுதும்போது ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். பசுவில் தனிக்குறிலை அடுத்து வருவதால் அதற்கு முழு ஒரு மாத்திரை. பாக்கில் அரை மாத்திரை. அதைக் குற்றியலுகரம் என்கிறோம். ஐகாரம், ஔகாரம், மகரம், ஆய்தம் எல்லாவற்றுக்கும் இப்படிக் குறுகும் இடங்கள் உண்டு, அவற்றுக்குப் பெயர் குறுக்கம். எழுத்தை யாரும் முடக்கவில்லை, அதன் கையையும் கட்டவில்லை. தன் இயல்பான அளவிலிருந்து குறைந்து ஒலிக்கிறது. 32 பிட் செயலி 16 பிட் பாட்டையில் நிற்பதும் இதுவே. உகரத்தைப் போலவே இங்கும் சரிபாதி!

என் பரிந்துரை: நிகழ்வுக்குப் 'பாட்டைக் குறுக்கம்'. குறுகிய பாட்டைக்குக் 'குற்றியற்பாட்டை', முழு அகலப் பாட்டைக்கு 'முற்றியற்பாட்டை'.

எல்சிக்கு மட்டும் பயன்படும் சொல்லாக இருந்தால் இவ்வளவு மெனக்கெட மாட்டேன். மலிவுவிலைக் கணினிகளின் வரலாறு முழுக்க இந்த உத்தி வருகிறது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 செயலி உள்ளே 16 பிட், வெளியே 8 பிட். 1984இல் வந்த சின்க்ளேர் கியூஎல்லின் 68008 சில்லுக்கும் வெளியே 8 பிட்தான். 1988இல் வந்த 386எஸ்எக்ஸ் உள்ளே 32, வெளியே 16. எல்லாவற்றுக்கும் ஒரே சொல் பொருந்த வேண்டும்.

இன்னொன்று. மேல்விலை மாடல்களின் விற்பனையை எல்சி தின்றுவிடக்கூடாது என்றுதான் வேண்டுமென்றே குறைத்தார்கள் என்று பலர் குற்றம்சாட்டினார்கள். இருக்கலாம். ஆனால் பலகையைப் பார்த்தால் செலவுக் கணக்கும் தெரிகிறது. என் மேசையில் ஓர் எல்சி மூடி திறந்து கிடக்கிறது. பின்பக்கத்து இரண்டு கொக்கிகளைத் தூக்கினால் மேல்மூடி கையோடு வந்துவிடும். உள்ளே நினைவகத் தகடு செருகும் வாய்கள் இரண்டே இரண்டு. அந்தக்கால 30 முனைத் தகடு ஒன்று 8 பிட் அகலம். 16 பிட் பாட்டைக்கு இரண்டு தகடு போதும். 32 பிட் என்றால் நான்கு நான்காகப் போடவேண்டும், செருகுவாயும் நான்கு, பலகையில் ஓடும் தடங்களும் கூடுதல். வாங்குகிறவரும் நினைவகத்தைக் கூட்டும்போதெல்லாம் நான்கு தகடுகளுக்குக் காசு கொடுக்கவேண்டும். இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த விலை. 'கைகட்டிய' என்ற சொல்லிலேயே ஒரு குற்றப்பத்திரிகை இருக்கிறது. கட்டுரையில் குற்றம்சாட்டுங்கள், கலைச்சொல்லில் வேண்டாம்.

'தொடக்கநிலை' நிலைத்துவிட்ட சொல். அதைத் தொட வேண்டாம்.

* * *

> 'குற்றியற்பாட்டை', 'முற்றியற்பாட்டை'

ஐயா, ஒப்புமை அருமை. சொல்லை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. கணினியைப் பற்றிப் படிக்க வந்தவருக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு ஞாபகம் வந்துவிடும். பல்லில் ஒட்டுகிறது. சுருக்கமாகக் 'குறும்பாட்டை' என்று வைத்தால் என்ன?

வேறு இரண்டு ஐயங்கள். ஒன்று, 'குறுக்கம்' என்றதும் 'குறுக்குப் பாதை' காதில் விழுகிறது. குறுக்குப் பாதை சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும், இதுவோ தாமதம். இரண்டு, 68020க்குள் 256 பைட் அளவில் கட்டளைகளைச் சேமிக்கும் இடைமாற்று நினைவகம் இருக்கிறதே. சின்னச் சுழல் அதற்குள் அடங்கிவிட்டால் கட்டளைகளுக்காகப் பாட்டைக்கு வரவே தேவையில்லை. அப்போது குறுக்கம் எங்கே போயிற்று?

இன்டெலின் 486எஸ்எக்ஸ் செயலியையும் இதில் சேர்ப்பீர்களா?

* * *

> 'குறும்பாட்டை' என்று வைத்தால் என்ன?

எந்த ஆட்டை? :)

"1990இல் ஆப்பிள் குறும்பாட்டைப் பயன்படுத்தியது" என்று எழுதிப் பாருங்கள். வாசகர் தொழுவத்தைத் தேடுவார்.

* * *

ஆடு நல்ல நேரத்தில் வந்தது. ஏனென்றால் சிக்கல் 'பாட்டை' என்ற சொல்லிலேயே இருக்கிறது, அது இரண்டாம் வேற்றுமை போட்ட 'பாட்டு' மாதிரி நிற்கிறது. 'முழுப்பாட்டை' என்று எழுதினால் யாரோ பாடப்போகிறார்கள் என்று தோன்றும். பாட்டையை மாற்றும் வயதும் தெம்பும் எனக்கு இல்லை. பாடநூல் வரைக்கும் ஏறிவிட்டது. அதனால் அதைத் தொகையின் கடைசியில் நிறுத்தாமல் முன்னால் நிறுத்துவோம். 'பாட்டைக் குறுக்கம்' என்றால் ஆடும் இல்லை, பாட்டும் இல்லை.

> பல்லில் ஒட்டுகிறது

ஒப்புக்கொள்கிறேன். குற்றியற்பாட்டையையும் முற்றியற்பாட்டையையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சொல்லை ஆக்கிய மகிழ்ச்சியில் அதை யார் வாயால் சொல்வார்கள் என்று யோசிக்காமல் விட்டேன்.

> 'குறுக்குப் பாதை' காதில் விழுகிறது

'குறுக்கு' வேறு, 'குறுக்கம்' வேறு. 'குறுக்கப் பாட்டை' என்று பெயரடையாக்கினால் நீங்கள் சொல்லும் குழப்பம் வரும். பெயர்ச்சொல்லாகவே வைத்துக்கொண்டால் வராது. குறுக்கம் என்று ஒரு நில அளவையும் உண்டு, ஆனால் வயலையும் செயலியையும் யாரும் ஒரே வரியில் குழப்பிக்கொள்ளப் போவதில்லை.

> அப்போது குறுக்கம் எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்கு நன்றி. நான் சொன்னதை இது வலுவாக்குகிறது. இலக்கணக் குறுக்கமும் எப்போதும் இருப்பதில்லை. சொல்லுக்குள் எங்கே நிற்கிறது, முன்னே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து வருகிறது. இங்கேயும் செயலி தனக்குள்ளேயே வேலையை முடித்துக்கொண்டால் குறுக்கம் இல்லை. நினைவகத்துக்குப் படியிறங்கி வரும்போது வந்துவிடும்.

486எஸ்எக்ஸைச் சேர்க்க மாட்டேன். 1991இல் வந்த அந்தச் சில்லில் பதின்மக் கணக்குகளுக்கான மிதவைப்புள்ளி அலகு முதலில் உள்ளேயே இருந்தது, இயங்காதபடி அணைத்து வைத்திருந்தார்கள். அதைத் தாராளமாக 'முடக்கிய' என்று சொல்லுங்கள். முதல் மறுமடலில் வந்த சொல் அங்கேதான் பொருந்துகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கணித வேகம் வேண்டும் என்று 487எஸ்எக்ஸ் வாங்கிச் செருகினால், அது துணைச் செயலி அல்ல, அந்த அலகும் இயங்கும் முழு 486டிஎக்ஸே வேறு பெயரில் வந்து உட்காரும். பழைய சில்லு பக்கத்தில் சும்மா கிடக்கும். பாட்டைக் குறுக்கத்தில் இப்படிப்பட்ட நாடகம் எதுவும் இல்லை.

எல்சியில் குறைத்தவை இன்னும் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே பெயரில் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். நினைவக மேலாண்மைச் சில்லுக்கு அதில் இடமே வைக்கவில்லை, அதனால் 1991இல் சிஸ்டம் 7 இயங்குதளம் வந்தபோது அதன் மெய்நிகர் நினைவகம் (வட்டின் ஒரு பகுதியை நினைவகம்போல் பயன்படுத்தும் வசதி) இந்தக் கணினிக்குக் கிட்டவில்லை. இதற்குத் தனிக் கலைச்சொல் எதற்கு? 'இல்லை' என்று எழுதினாலே போதும். திரைக்கான நினைவகம் 256 கிலோபைட்தான். 640க்கு 480 திரையில் 16 வண்ணத்தோடு நின்றுவிடும், ஆனால் 512 கிலோபைட் தகடு வாங்கிப் போட்டால் 256 வண்ணம். பின்னால் சரிசெய்துகொள்ள வழி வைத்த குறைவைச் சிக்கனம் என்பேன்.

குறுக்கம் என்பது வாங்கியவர் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பது. 1992 மார்ச்சில் எல்சி 2 வந்தது. செயலியை 68030 ஆக்கினார்கள், பாட்டையை 16 பிட்டிலேயே விட்டார்கள். மெய்நிகர் நினைவகம் கிடைத்தது, நடை பெரிதாக மாறவில்லை. அதில் இன்னொரு கூத்து. பலகையிலேயே 4 மெகாபைட், இரண்டு வாய்களிலும் நான்கு நான்காகப் போட்டால் மொத்தம் 12. ஆனால் கணினி 10 வரைதான் காணும். காசு கொடுத்து வாங்கிய 2 மெகாபைட் கண்ணெதிரே சும்மா இருக்கும். அது 'வரம்பு', குறுக்கம் அல்ல.

* * *

> எல்லாவற்றையும் ஒரே பெயரில் அள்ளிப் போட்டுவிடாதீர்கள்

ஆனால் கட்டுரையில் எங்காவது ஒரே பெயரில் அள்ளித்தானே ஆகவேண்டும்? முன்னுரையில் ஒரு வரியில் சொல்ல 'மட்டுப்படுத்திய' இருக்கிறது. குறுக்கம், முடக்கம், வரம்பு மூன்றும் அதற்குள் அடங்கும். யாரையும் திட்டாத சொல்லும்கூட.

* * *

மிக்க நன்றி. எல்லோருக்கும் சேர்த்து ஒரு மடல். பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன், பிழையிருந்தால் சொல்லுங்கள்:

"எல்சி ஒரு தொடக்கநிலைக் கணினி. விலையைக் கீழே கொண்டுவருவதற்காகப் பல இடங்களில் மட்டுப்படுத்தியிருந்தார்கள். அவற்றுள் பெரியது பாட்டைக் குறுக்கம்: 32 பிட் செயலியான 68020, 16 பிட் தரவுப் பாட்டையில் இயங்கியது. குற்றியலுகரம் தன் மாத்திரையில் பாதியாகக் குறுகுவதுபோல, செயலியின் வடிவமும் கட்டளைகளும் மாறாமல், நினைவகத்தோடு அது பேசும் அளவு பாதியாகியது. எல்சி 2 இதே குறுக்கத்தோடு வந்தது. 1993 பிப்ரவரியில் வந்த எல்சி 3இல்தான் 25 மெகாஹெர்ட்ஸ் 68030க்கு முழு 32 பிட் பாட்டை கிடைத்தது."

எல்சி 3இல் நினைவகச் செருகுவாய் ஒன்றே ஒன்று என்று படித்தேன். 32 பிட்டுக்கு நான்கு தகடு வேண்டும் என்றீர்களே, முரணாக இருக்கிறதே?

* * *

முரண் இல்லை. அதற்குள் 72 முனைத் தகடு வந்துவிட்டது. அது ஒன்றே 32 பிட் அகலம். அதை அடிக்குறிப்பில் வைக்காமல் பத்தியிலேயே சேர்த்துவிடுங்கள். குறுக்கம் ஏன் வந்தது, எப்படிப் போனது இரண்டுக்கும் அந்தத் தகடுதான் பாதிக் காரணம்.

"நினைவகத்தோடு அது பேசும் அளவு பாதியாகியது" என்ற இடத்தில் 'அளவு' கொஞ்சம் மொட்டையாக நிற்கிறது. 'ஒரு நடையில் கொண்டுவரும் அளவு' என்று திருத்துங்கள்.