மாட்டுக்குப் போட்ட மருந்துக்குக் கணக்கு எடுத்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

ஒரத்தநாட்டுக்காரன்:
கறவை மாடுகளுக்கு எவ்வளவு ஆன்டிபயாடிக் போகிறது என்று பார்க்கும் கணக்கெடுப்பில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். வீடு வீடாகப் போய் "போன மாசம் என்ன மருந்து போட்டீங்க?" என்று கேட்டால் மஞ்சள் ஊசி, பால் மாதிரி வெள்ளை ஊசி, அப்புறம் காய்ச்சல் ஊசி என்பார்கள். மஞ்சள் என்றால் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்காக இருக்கலாம், ஆனால் வெறும் சத்து ஊசியான பி காம்ப்ளெக்ஸும் மஞ்சள்தானே. யாரும் பொய் சொல்லவில்லை, டாக்டர் வந்தார், போட்டார், போனார், சீட்டு எதுவும் கையில் இல்லை.

கேட்பதை விட்டுவிட்டு வீட்டுக்கு ஒரு உரச்சாக்கு கொடுத்தோம். காலி பாட்டில், மாத்திரை அட்டை, மடிக்குள் ஏற்றும் டியூப் எல்லாவற்றையும் அதில் போட்டுவைக்க வேண்டும், அவ்வளவுதான் (குழந்தைகள் எடுத்து விளையாடாமல் கட்டித் தொங்கவிடச் சொன்னோம்). "எங்க மாட்டுக்கு ஒண்ணுமே போடலையே" என்ற வீட்டுச் சாக்கில் மடிநோய் டியூப்களாகக் கிடந்தன. அந்த அம்மாவுக்கு ஊசி மட்டும்தான் மருந்து, டியூப் "காம்புக்கு விடறது".

எண்ணிய பிறகுதான் உண்மையான வேலை. என்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்கின் 10 சதவீதப் பாட்டில் என்றால் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் மருந்து. கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் 400 கிலோ மாட்டுக்கு 20 மில்லி, ஒரு வேளைக்கே 2 கிராம். மொத்த மருந்தை மொத்த மாட்டு எடையால் வகுக்க வேண்டும், நாடுகளுக்கிடையே ஒப்பிடுவதும் இப்படித்தான். எடைதான் தொல்லை. உம்பளாச்சேரி நாட்டு மாட்டுக்கும் ஜெர்சிக் கலப்பு மாட்டுக்கும் ஒரே எடை போட முடியாது, நெஞ்சுச் சுற்றளவுக்கு டேப் பிடிக்கப் போய் உதை வாங்கியதும் உண்டு.

திருவாரூர் தோழர்:
மாடாவது கட்டுத்தறியில் நிற்கிறது தோழர், வாத்துக்கு என்ன செய்வீர்கள்? அறுவடை முடிந்தால் வெளியூர் வாத்துக் கிடை எங்கள் வயலில் இறங்கும், சிந்திய நெல் தீர்ந்ததும் அடுத்த ஊர். வாத்து சோர்ந்தால் தண்ணீரில் பொடியைக் கலக்கிவிடுகிறார்கள். பொடி வாங்கியது ஒரு ஊர்க் கடை, தின்ற வாத்து வேறு ஊர், எந்த ஊர்க் கணக்கில் யாருடைய எடையால் வகுப்பது? கிடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன், பொடி பேர் தெரியாது, பாக்கெட் நிறம் மட்டும் சொன்னார்.

நீடாமங்கலம் கோழிப்பண்ணை:
எங்களிடம் எல்லாம் எழுதி இருக்கிறது. கம்பெனிக் குஞ்சு, கம்பெனித் தீவனம், கம்பெனி மருந்து, பேட்ச் கார்டில் தேதியோடு வரும். ஆனால் கோழியை ஏற்றும்போது கார்டையும் சூப்பர்வைசர் எடுத்துப் போய்விடுவார். 2019ல் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்குத் தடை செய்த செய்தியே எனக்குப் பேப்பர் பார்த்துத்தான் தெரியும்.

பட்டுக்கோட்டை மாமி:
மடிநோய் தொடக்கத்திலேயே தெரிந்தால் நான் ஊசிக்குப் போவதில்லை. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, மடியைக் கழுவிப் பூசுவேன். தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழக மையத்தில் சொல்லிக்கொடுத்ததுதான். காய்ச்சல் வந்து மாடு தீவனம் எடுக்காவிட்டால் உடனே டாக்டர், அதில் வீராப்புக் கிடையாது. அது சரி தம்பி, தவிர்த்த ஊசி உங்கள் சாக்கில் எப்படி விழும்?

ஒரத்தநாட்டுக்காரன்:
விழாது மாமி. போன வருடச் சாக்கோடு இந்த வருடச் சாக்கை வைத்துப் பார்த்தால்தான் குறைந்தது தெரியும்.

மருந்துக்கடை, பெயர் வேண்டாம்:
செஃப்ட்ரையாக்சோன் மாதிரி ஆன்டிபயாடிக் மருந்துகளை விற்றால், அவற்றுக்கென்று கடையில் வைக்கும் ஹெச் 1 பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு. மாட்டுக்கு வாங்க வந்தால் நோயாளி பெயரில் மாட்டுக்காரர் பெயர்தான் ஏறுகிறது. பார்க்கிறவருக்கு அவரே போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும்.

ஒரத்தநாட்டுக்காரன்:
அண்ணே, பெயருக்குப் பக்கத்தில் "மாடு" என்று எழுதிவிட முடியாதா?

மருந்துக்கடை, பெயர் வேண்டாம்:
எழுதலாம் தம்பி. சீட்டோடு வருகிறவருக்குத்தானே பதிவேடு, மாட்டுக்குச் சீட்டு கொண்டுவருகிறவர் எத்தனை பேர்?