உதவி: கேஎல்லிலிருந்து (கோலாலம்பூர்) வாடகைக் காரில் பங்கோர் தீவு, ஒரே நாளில் போய்வர முடியுமா?

செந்தூல்வாசி:
வணக்கம். வரும் சனிக்கிழமை பங்கோர் போகலாம் என்று வீட்டில் பேச்சு. அம்மா, மாமியார், நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், ஆக ஆறு பேர். எங்கள் காரில் இடம் போதாது, அதனால் ஏழு பேர் உட்காரும் அல்சா ஒன்றை வாடகைக்குப் பேசி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பெரியவனுக்குத் தேவாரப் போட்டி, ஆகவே இரவு தங்க வழியில்லை.

காரை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு போனால் தீவையும் அதிலேயே சுற்றிவிடலாமே என்பது என் கணக்கு. "பினாங்குக்கு அப்படித்தானே போவோம்" என்று மாமியாரும் சொல்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. வீட்டுக்காரிக்கு சாயங்காலம் தீவின் தெலுக் நிப்பா கடற்கரையில் இருவாட்சிப் பறவை பார்த்தே ஆக வேண்டும். எத்தனை மணிக்குக் கிளம்பி, எத்தனை மணிக்குத் திரும்பினால் சரியாக இருக்கும்?

ஈப்போக்காரன்:
கார் ஏறாது. லுமுட்டிலிருந்து பங்கோருக்கு ஓடுவது ஆள் ஏறும் படகு. மாமியார் சொல்வது பழைய கதை, பினாங்கு ஃபெரியிலேயே 2021 ஜனவரியிலிருந்து காரை ஏற்றுவதில்லை. 2023-ல் வந்த புதுப் படகுகளிலும் ஆள், மோட்டார் சைக்கிள், சைக்கிள் அவ்வளவுதான்.

கிள்ளான் தம்பி:
ஒரு நாளுக்கு இத்தனை தூரம் எதற்கு அண்ணே? பேசாமல் பூலாவ் கெத்தாம் போங்கள். கொமுட்டர் ரயிலில் பெலாபுஹான் கிள்ளான் நிலையத்தில் இறங்கினால் படகுத்துறை பக்கத்திலேயே. வாடகைக் காரே வேண்டாம். தீவிலும் கார் கிடையாது, எல்லாம் சைக்கிள்தான். வீடெல்லாம் தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும், பிள்ளைகளுக்குப் புதுசாக இருக்கும். மத்தியானம் மீன், நண்டு சாப்பிட்டுவிட்டு வெயில் தாழ வீட்டுக்கு வந்துவிடலாம்.

செந்தூல்வாசி:
நல்ல யோசனைதான் தம்பி, ஆனால் கெத்தாமில் மணல் கிடையாதே, சுற்றிலும் சதுப்புநிலக் காடு. அம்மா கேட்பதே கடலில் கால் நனைக்கத்தான். பங்கோர் பத்திரகாளியம்மனையும் கும்பிட வேண்டுமாம்.

மஞ்சோங் அக்கா:
நான் பிறந்து வளர்ந்தது சித்தியவான், இப்போது கேஎல்லில் இருக்கிறேன். போய்வரலாம் தம்பி. ஆனால் எல்லாரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்றே கேட்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அதை அல்ல. படகு இருட்டிய பிறகும் இருக்கும். அதற்கு அப்புறம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டப்போகிற ஆள் விடியுமுன் எழுந்தவர். வீட்டில் வேறு யாராவது ஓட்டுவார்களா?

இல்லையென்றால் நான் சொல்வது இதுதான். காலை ஐந்தரைக்குள் கிளம்புங்கள். பிளஸ் நெடுஞ்சாலையில் பீடோரில் இறங்கி, தெலுக் இந்தான், சித்தியவான் வழியாக லுமுட். பசியாறவும் கழிப்பறைக்கும் சேர்த்து ஒன்பதரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரை நெடுஞ்சாலையைத் துண்டு துண்டாகத் திறந்துகொண்டு வருகிறார்கள், அதனால் வேஸ் செயலி காட்டும் வழியைக் கிளம்பும் முன் ஒரு தடவை பாருங்கள். பழைய வழியே மனப்பாடம் என்று அடம்பிடிக்காதீர்கள் (எங்கள் வீட்டுக்காரர் பிடிப்பார்).

லுமுட்டை நெருங்கும்போது ரோட்டோரம் பார்க்கிங்காரர்கள் கையைக் காட்டிக் காரை நிறுத்தச் சொல்வார்கள். நிற்காமல் நேராகத் துறைக்கே போங்கள். அம்மாவையும் மாமியாரையும் அங்கே இறக்கிவிட்டு நீங்கள் மட்டும் போய்க் காரை விட்டு வாருங்கள். மரினா ஐலண்ட் பக்கமும் ஒரு துறை உண்டு, அங்கிருந்து கடல் தூரம் குறைவு. ஆனால் போன துறைக்கேதான் திரும்ப வேண்டும், கார் அங்கேதானே நிற்கும்.

லுமுட் படகு முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும். பாதிப் பேர் எழுந்திருப்பார்கள், நீங்கள் எழாதீர்கள். அடுத்ததுதான் பங்கோர் பட்டணம். வெளியே வந்தால் இளஞ்சிவப்பு நிறத்தில் வேன் டாக்சிகள் வரிசையாக நிற்கும். ஆறு பேருக்கு ஒரே வேன் போதும், கோயில், தெலுக் கெடோங்கில் டச்சுக் கோட்டை, கடற்கரை என்று மொத்தமாகப் பேசிக்கொள்ளலாம். கோட்டை 1670-ல் வெள்ளீயம் வைக்கக் கட்டியது. இப்போது நாலு செங்கல் சுவர்தான், பத்து நிமிடம் போதும். கோயிலில் மட்டும் அவசரப்படாதீர்கள், அம்மன் கடலைப் பார்த்தபடி இருக்கிறாள், உட்கார்ந்தால் எழ மனம் வராது. நல்லவேளை இது மாசி மகம் இல்லை. அன்றைக்குப் படகுத்துறையில் கால் வைக்க இடம் இருக்காது.

குளிக்க பாசிர் போகாக் கடற்கரை போதும். வேன் மணலுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும், முழங்காலுக்கு நல்லது. நாலு மணிப் படகைப் பிடித்தால் ஒன்பதுக்குள் வீடு.

செந்தூல்வாசி:
அப்போ இருவாட்சி?

மஞ்சோங் அக்கா:
அதுகள் கூட்டமாக வருவது ஆறரை வாக்கில். பார்த்துவிட்டுக் கிளம்பினால் செந்தூல் போய்ச் சேர நடுச்சாமம். பிள்ளை காலையில் எப்படிப் பாடுவான்? வீட்டுக்காரியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அதற்கு ஒரு ராத்திரி தங்கித்தான் ஆக வேண்டும். பகலிலும் மரத்தில் ஒன்றிரண்டு உட்கார்ந்திருக்கும், அண்ணாந்து பார்த்துக்கொண்டே போகச் சொல்லுங்கள்.

சாவிக்கொத்து:
வாடகைக் கார் கவுண்டரில் வேலை செய்கிறேன், அந்தப் பக்கத்தை நான் சொல்கிறேன். வாடகை நாள் என்பது பெரும்பாலும் காரை எடுத்த நேரத்திலிருந்து இருபத்துநாலு மணி நேரம். ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டுமானால் வெள்ளி இரவு கடை மூடும் முன்பே எடுக்க வேண்டும், அப்படியானால் சனி இரவு அதே நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். தாமதத்துக்கு மணிக்கு எவ்வளவு என்று இப்போதே கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

எடுக்கும்போது நாலு பக்கமும், டயர், பெட்ரோல் முள், எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். லுமுட்டில் காரை விட்டுப் போகும்போது இன்னொரு தடவை. அங்கே எவனாவது உரசிவிட்டுப் போனால் அது உங்கள் டெபாசிட்.

நெடுஞ்சாலை டோல் கட்டணத்துக்கு உங்கள் டச் அண்ட் கோ அட்டையையே பயன்படுத்துங்கள், நுழைந்த அட்டையில்தான் வெளியேற வேண்டும். கண்ணாடியில் டோல் காசைத் தானாகக் கழிக்கும் ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர் இருந்தால் அந்தப் பாதைக்குள் போகாதீர்கள், காசு கார்க்காரர் கணக்கில் போய் அப்புறம் தகராறு. சாவியைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடலில் இறங்குகிறவர்கள் நிறைய. பட்டன் சாவி நனைந்தால் வேலை செய்யாமல் போகலாம். அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

செந்தூல்வாசி:
அக்கா, சாவிக்கொத்து, நன்றி. வெள்ளி இரவே எடுக்கிறேன், நாலு மணிப் படகு. கடைசியாக ஒன்று: படகில் ஏறி இறங்க அம்மாவுக்குக் கஷ்டமா? அப்புறம் அங்கே நெத்திலி நன்றாக இருக்கும் என்கிறார்கள், இரண்டு கிலோ வாங்கலாமா?

மஞ்சோங் அக்கா:
நீர் வற்றியிருந்தால் படகு தாழ்ந்து நிற்கும், அப்போதுதான் கொஞ்சம் சிரமம். கூட்டம் இறங்கட்டும் என்று உட்கார்ந்திருங்கள், படகுப் பையன்கள் கை கொடுப்பார்கள். நெத்திலி தாராளமாக வாங்குங்கள், சாத்தே மீனும் வாங்குங்கள்.

சாவிக்கொத்து:
வாங்குங்கள், ஆனால் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா கொண்டுபோங்கள். கருவாட்டு வாசனையோடு கார் வந்தால் எங்கள் இடத்தில் கழுவுகிற காசு தனி.

செந்தூல்வாசி:
மாமியார் இப்போதே மூன்று டப்பா எடுத்து வைத்துவிட்டார்.