புதுப்பிப்பு: கணினியில் வாட்ஸ்அப் இணைந்துவிட்டது

கணினித் திரையில் வரும் க்யூஆர் கோடை எத்தனை முறை ஸ்கேன் செய்தும் வாட்ஸ்அப் இணையவில்லை என்று நேற்று புலம்பியிருந்தேனே, சரியாகிவிட்டது. தப்பு என்னுடையதுதான். போனின் சாதாரண கேமராவைத் திறந்து திரைக்கு முன்னால் ஆட்டிக்கொண்டிருந்தேன்! வாட்ஸ்அப்புக்குள்ளேயே மூன்று புள்ளியைத் தொட்டு, ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ போய், அங்கிருந்து ஸ்கேன் செய்ய வேண்டும்.

அப்படியும் முதலில் பிடிக்கவில்லை. கேமரா கண்ணாடியில் வடை எண்ணெய்ப் பிசுக்கு. வேட்டி நுனியால் துடைத்து முடிப்பதற்குள் க்யூஆர் கோடு காலாவதி. பக்கத்தைப் புதுப்பித்துக் காட்டினேன், ஒரே நொடியில் பிடித்தது.

கேமரா உடைந்தவர்கள் போன் எண்ணைக் கொடுத்து, 8 எழுத்துக் குறியீடு மூலமும் இணைக்கலாம். போனைத் தவிர 4 சாதனங்கள் வரை இடமுண்டு.

அப்புறம் ஒன்று. பழைய அலுவலகக் கணினி அந்த ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலில் இன்னும் உட்கார்ந்திருந்தது. உடனே வெளியேற்றினேன்.