புதர் மண்டிய நிலத்தைத் திருத்தியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை மருமகள்:

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எங்களுக்கு 30 சென்ட் நிலம் இருக்கிறது. மாமனார் இருந்தவரை நிலக்கடலை போட்டார். அவருக்குப் பிறகு யாரும் உள்ளே கால் வைக்கவில்லை. நானும் வீட்டுக்காரரும் ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள், மம்முட்டி பிடித்துப் பழக்கமில்லை. போன வருஷம்தான் திருத்த இறங்கினோம்.

வேலியோரம் முழுக்க ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. நடுவில் பார்த்தீனியம். தென்மேற்கு மூலையில் சீமைக்கருவேலம், அதன் மேல் வேலிப்பருத்திக் கொடி. பாத்தி எங்கே இருந்தது, வாய்க்கால் எங்கே ஓடியது என்றே தெரியவில்லை.

பார்த்தவர்கள் எல்லோரும் ஜேசிபியைத்தான் கூப்பிடச் சொன்னார்கள். பெரிய மாமனார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஜேசிபிக்காரன் வேலையை முடிச்சுத்தான் கொடுப்பான். ஆனா மேல் மண்ணையும் சேர்த்து வழிச்சு மூலையில குவிச்சுட்டுப் போயிருவான். எவ்வளவு விதைக்க முடியுமோ அவ்வளவு மட்டும் வெட்டுங்க" என்றார். வெட்டிவிட்டுச் சும்மா போட்டால், ஒரு மழைக்கே பார்த்தீனியம் முந்திக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. அதனால் வாய்க்கால் பக்கமிருந்து பட்டை பட்டையாகப் பிரித்து வெட்டினோம்.

உண்ணிச்செடி வெட்டக் கற்றுக்கொடுத்தது நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காமார். இடது கையில் கவைக்கோல், வலது கையில் கொடுவாள். புதரைக் கவையால் நெட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குனிந்து அடித்தண்டில் சாய்வாக ஒரு போடு. கிளையைக் கையால் தொடவே மாட்டார்கள். வெட்டியதையும் கவையாலேயே உருட்டி வரப்புக்குத் தள்ளிவிடுவார்கள். நான் கையுறை மாட்டிக்கொண்டு கிளை கிளையாக இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டை திரும்பத் தழையும் என்பதால், மழை பெய்து மண் இளகியதும் கடப்பாரையால் வேரோடு நெம்பி எடுத்தோம்.

இப்போது முக்கியமான சம்பவம். உள்ளே பழைய தென்னை மட்டைக் குவியல் ஒன்று கிடந்தது. தடியால் தட்டினேன். குக்கரில் விசில் வருவதற்கு முன் புஸ்ஸென்று ஒரு சீறல் வருமே, அந்த மாதிரி நீளமாக ஒரு சத்தம். கண்ணாடி விரியன். முதுகில் மூன்று வரிசையாகப் பழுப்பு வட்டங்கள், அதைப் பார்க்கும் அளவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

கேரள வனத்துறையின் சர்ப்பா ஆப்பில் தகவல் கொடுத்தோம். பயிற்சி பெற்ற தம்பி ஒருவர் வந்தார். கறுப்புத் துணிப்பையின் வாயில் ஒரு பிவிசி குழாய். அதை மட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நீளக் கொக்கியால் பாம்பை மெல்லத் தள்ளினார். இருட்டைக் கண்டதும் அதுவாகவே குழாய்க்குள் போய்விட்டது. கையால் தொடவே இல்லை. "சத்தம் போட்டதால தப்பிச்சீங்க அக்கா, சில நேரம் அசையாமப் படுத்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து கம்பூட், தடி, நல்ல வெளிச்சம் மூன்றும் இல்லாமல் இறங்குவதில்லை.

பாதி நிலம் திறந்தாயிற்று. தட்டைப்பயறு போட்ட பட்டை நன்றாக இருக்கிறது. கோரைதான் அடங்க மாட்டேன் என்கிறது. அதற்கு என்ன செய்தீர்கள் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வேலந்தாவளம் தோட்டக்காரர்:

அம்மணி, பெரிய மாமனார் சொன்னது சரியான பேச்சு. கோரைக்கு வருகிறேன். அடியில் கிழங்கு கிழங்காகக் கோத்துக்கொண்டு போயிருக்கும். களைக்கொத்தால் மேலே சுரண்டினால் நாலு நாளில் திரும்பப் பச்சை தெரியும். மண்ணைச் சுழன்று பொடியாக்கும் ரொட்டவேட்டரை மட்டும் நிலத்தில் ஓட்டிவிடாதீர்கள். கண்ணுக்குப் பஞ்சு மாதிரி அழகாக இருக்கும், ஆனால் கோர்வை அறுந்து கிழங்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைத்துவிடும்.

நான் செய்தது கோடை உழவு. சித்திரை வெயிலில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது சட்டிக் கலப்பையால் ஆழமாகப் புரட்டிப் போட்டேன். கட்டி கட்டியாகப் புரண்டதை உடைக்காமல் அப்படியே விட்டால் கிழங்கு வெயிலில் வெந்து சுருங்கும். ஒரு கோடையில் ஒழியாது, அடுத்த கோடையும் ஓட்ட வேண்டியிருந்தது. இடையில் மழை வந்ததும் பசுந்தாள் உரத்துக்கான தக்கைப்பூண்டு விதையைத் தெளித்து, பூ எடுக்கும் நேரத்தில் மடக்கி உழுதேன். கோரைக்கு நிழல் ஆகாது. மேலே அடர்ந்து ஒன்று வளர்ந்தால் தானாக மெலியும்.

இன்னொன்று. கேரளாவில் எங்கே போனாலும் "சுண்ணாம்பு போடு" என்பார்கள். மற்ற ஜில்லாக்களில் செம்மண், புளிப்பு மண், அங்கே அது சரி. நம் சித்தூர் தாலுக்காக் கிழக்குப் பக்கம் கரிசல். சுண்ணாம்புச் சத்து மண்ணிலேயே இருக்கிறது. கிருஷி பவனில் (கேரள வேளாண்மை அலுவலகம்) மண் மாதிரி கொடுத்து முடிவைப் பார்த்துவிட்டு எதையும் போடுங்கள். பதம் தவறி ஈரத்தில் உழுதீர்கள் என்றால் கரிசல் பாளம் பாளமாக இறுகிப்போகும், அந்த வருஷம் முழுக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

வெட்டிய செடிக்கு நெருப்பு வைக்காதீர்கள். தை, மாசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று தெரியுமல்லவா. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் வைத்த நெருப்பு வேலி தாண்டி ரெண்டு தென்னங்கன்றைத் தின்றுவிட்டது.

பள்ளிப்பட்டு வாசகர்:

நான் ஆந்திர எல்லை. எங்களுக்கு ஜேசிபிதான் கைகொடுத்தது, அதனால் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முழுக்கச் சீமைக்கருவேலம். முதலில் விறகு வியாபாரி ஒருவர் சும்மாவே வெட்டிக்கொள்கிறேன் என்று வந்தார். சந்தோஷமாக விட்டோம். மரத்தைத் தரையோடு வெட்டிக்கொண்டு போய்விட்டார், அடிக்கட்டை மண்ணுக்குள். அடுத்த மழையில் ஒரு கட்டைக்கு ஏழெட்டுக் கொம்பு, முன்பைவிட அடர்த்தி. அப்புறம்தான் ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்கினோம். ஓட்டுநர் பக்கத்திலேயே நின்று, "தூரை மட்டும் எடுங்க, மண்ணை வழிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எரிச்சல்பட்டார், ஆனால் செய்தார்.

களியக்காவிளை தம்பி:

அக்கா, எங்கள் பக்கம் ரப்பர் வெட்டிவிட்டுப் போட்ட சரிவு நிலம், காடு வேறு மாதிரி. கம்யூனிஸ்ட் பச்சை என்கிற புதர்ச்செடியும், முள் நிறைந்த ஆனைத் தொட்டாவாடியும்தான். தொட்டாவாடி முள் பேன்ட்டைத் தாண்டிக் கீறும்.

நான் சொல்ல வந்தது காய்ச்சல் பற்றி. புதர் வெட்டி ஒன்றிரண்டு வாரம் கழித்து அண்ணனுக்குக் கடுமையான காய்ச்சல், தலைவலி. மாத்திரைக்கு அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குள், இடுப்பு எல்லாம் பார்த்தார். பெல்ட் கட்டும் இடத்தில் சிகரெட்டால் சுட்டாற்போல் ஒரு கறுப்புப் பொருக்கு. வலியே இல்லாததால் அவனுக்கே தெரியாது. "புதருக்குள்ள வேலை செஞ்சீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணி கடித்து வருவது. டாக்ஸிசைக்ளின் கொடுத்ததும் சட்டென்று இறங்கியது. விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகுமாம். அதனால் வேலை முடிந்ததும் துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு, சோப்புத் தேய்த்துக் குளியுங்கள். காய்ச்சல் வந்தால் புதர் வெட்டியதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், எல்லோரும் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது.

பொள்ளாச்சி வாசகர்:

இவ்வளவு பாடு எதற்கு? களைக்கொல்லி அடித்தால் ரெண்டு வாரத்தில் கருகிவிடுமே.

கொழிஞ்சாம்பாறை மருமகள்:

நீங்கள் சொல்வது கிளைபோசேட்டாக இருந்தால், 2019-லேயே கேரள அரசு தடை செய்துவிட்டது. எல்லை தாண்டி வாங்கி வரலாம் என்று எங்களுக்கும் யோசனை சொன்னார்கள். குடிக்கிற கிணறு நிலத்துக்குள்ளேயே இருக்கிறது, வேண்டாம் அண்ணா.

மீனாட்சிபுரம் டீச்சர்:

பார்த்தீனியத்துக்கு மருந்தே அடிக்காத ஒரு வழியை நான் கண்ணால் பார்த்தேன். மழைக்காலத்தில் எங்கள் நிலத்துச் செடியெல்லாம் சல்லடையாகியிருந்தது. திருப்பிப் பார்த்தால் இலைக்கு அடியில் வெளிர் மஞ்சள் வண்டு, முதுகில் பழுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து போகின்றன. பயிரைத் தின்னும் என்று பயந்து கிருஷி பவனில் காட்டினேன். மெக்சிகோ வண்டு, பார்த்தீனியத்துக்காகவே 1984-ல் பெங்களூரில் கொண்டுவந்து விட்டது, இப்போது தானாகப் பரவியிருக்கிறது என்றார்கள். ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. வெயில் காலத்தில் மண்ணுக்குள் போய்விடும். மழை விட்ட மறுநாள், பூ விடுவதற்கு முன் வேரோடு பிடுங்குவதுதான் பலன் தந்தது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கூட வந்த தங்கைக்குக் கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. பூ விடாத செடியைக் குப்பைக்குழியில் போடலாம், உரமாகும்.

கொழிஞ்சாம்பாறை மருமகள்:

டீச்சர், அந்த வண்டை நானும் பார்த்திருக்கிறேன், பெயர் தெரியாமல் விட்டுவிட்டேன்! தோட்டக்கார அண்ணா, மீதி 15 சென்டைச் சித்திரையில் உழுது போடுகிறோம். தக்கைப்பூண்டு விதை எவ்வளவு வாங்க வேண்டும்?

வேலந்தாவளம் தோட்டக்காரர்:

ஏக்கருக்கு 20 கிலோ கணக்கு அம்மணி, 15 சென்டுக்கு 3 கிலோ. கோரை இருப்பதால் 4 கிலோவாக நெருக்கி விடுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுப் பாருங்கள். பழைய விதையைத் தலையில் கட்டிவிடுவார்கள், ஒரு பிடியை ஈரத் துணியில் முடிந்து வைத்து முளைக்கிறதா என்று பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள்.