வீட்டில் கட்டும் துளி வடிவ டிரெய்லருக்கு எப்படிப்பட்ட அடிச்சட்டம் தாங்கும்?

கேள்வி: தக்கலைப் பயணி

அனைவருக்கும் வணக்கம். டியர்ட்ராப் எனப்படும் துளி வடிவ டிரெய்லர் ஒன்றைத் தக்கலையில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே கட்டத் திட்டமிட்டிருக்கிறேன். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அடுப்பு மேடை இருக்கும். அமெரிக்காவில் 1930களில் தோன்றிய இந்த வகை வண்டி, எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் பலகையின் அளவையே பெரும்பாலும் தன் தரையளவாகக் கொண்டிருப்பதால், பலகையை வெட்டி வீணாக்காமல் தனியாள் ஒருவரே கட்டிவிட முடிகிறது என்பதுதான் என்னை ஈர்த்தது. சாமான்களோடு சேர்த்து மொத்த எடை 450 கிலோவுக்குள் நிற்க வேண்டும்.

என் ஐயமெல்லாம் அடிச்சட்டத்தைப் பற்றியது. 50×50 மி.மீ. சதுரக் குழாயில் 3 மி.மீ. கனம் போதும் என்று நான் எண்ணியிருக்க, இங்குள்ள வெல்டிங் பட்டறையில் 5 மி.மீ. கனத்துக்குக் குறைந்து போடவே கூடாது என்கிறார்கள். காரோடு மாட்டும் இழுவைத்தண்டை முன்குறுக்குச் சட்டத்தில் முட்டவைத்து வெல்டிங் வைத்தால் போதுமா, உள்ளே தள்ளிக் கொண்டுபோக வேண்டுமா என்பதிலும் தெளிவில்லை. பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கத்து ஏற்ற இறக்கங்களிலும் முட்டம், சொத்தவிளைக் கடற்கரைகளிலும் இந்த வண்டி நிற்கப்போகிறது என்பதால், உப்புக்காற்றுக்கும் சேர்த்து வழி சொல்லுங்கள்.

மறுமொழி: மார்த்தாண்டம் பட்டறை

தம்பி, பட்டறைக்காரர் 5 மி.மீ. கேட்பது உங்கள் நன்மைக்காகத்தான். ஆனால் இந்த வண்டிக்கு இரும்பின் கனத்தைக் கூட்டுவதைவிடக் குழாயின் உயரத்தைக் கூட்டுவதே சரியான வழி. 50×50×3 குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 4.4 கிலோ இருக்கும். அதையே 5 மி.மீ. கனமாக்கினால் எடை 60 விழுக்காடு கூடிவிடும். வளையாமல் நிற்கும் விறைப்போ ஒன்றரை மடங்கைக்கூட எட்டாது. அதே 3 மி.மீ. கனத்தில் 80×40 செவ்வகக் குழாயை வாங்கி, 80 மி.மீ. பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி வைத்தால், எடை ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். விறைப்பு இரண்டரை மடங்குக்கு மேல் உயரும். ஆகவே இரண்டு நெடுஞ்சட்டங்களுக்கும் இழுவைத்தண்டுக்கும் 80×40×3 போடுங்கள். பலகையைத் தாங்கும் நடுக் குறுக்குச் சட்டங்களுக்கு, மேல்முகம் ஒரே மட்டத்தில் வருமாறு, 40×40×3 போதும்.

ஒரு பக்கம் திறந்த சி சேனல் விலை குறைவு என்று யாராவது சொல்லக்கூடும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது சட்டம் முழுவதும் முறுக்கப்படுகிறது. அந்த முறுக்கத்தை மூடிய குழாய் தாங்குவதில் சிறிதளவைக்கூடத் திறந்த சேனல் தாங்காது. சட்டம் முறுக்கினால் மேலேயுள்ள ப்ளைவுட் மூட்டுகள் விட்டுக்கொடுக்கும். மழைநீர் அந்த வழியாகவே உள்ளே வரும்.

இழுவைத்தண்டைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் இவற்றில் முதன்மையான கேள்வி. வீட்டில் கட்டும் டிரெய்லர்கள் பெரும்பாலும் உடைவது, தண்டு முன்குறுக்குச் சட்டத்தை விட்டு வெளியேறும் அந்த ஓரிடத்தில்தான். வண்டி குதிக்கும் ஒவ்வொரு முறையும் வளைவு விசை அங்கேதான் வந்து குவிகிறது. முட்டவைத்து ஒட்டினால் அத்தனை விசையையும் ஒரு வெல்டிங் வரி மட்டுமே சுமக்க வேண்டியிருக்கும். ஆங்கில ஏ எழுத்தைப் போல இரண்டு கால்களாக வரும் தண்டு, முன்குறுக்குச் சட்டத்துக்கு அடியில் நுழைந்து, குறைந்தது இரண்டாவது குறுக்குச் சட்டம் வரையிலாவது சென்று அங்கும் பிணைக்கப்பட வேண்டும். அச்சு வரையிலும் செல்லுமானால் இன்னும் நல்லது. அடியில் நுழையும் இடத்தில் தண்டின் பக்கவாட்டில் நீளவாக்காக மட்டும் வெல்டிங் வையுங்கள். குழாயின் குறுக்கே மேல்முகத்திலோ அடிமுகத்திலோ வெல்டிங் இழுக்காதீர்கள். சூடு பட்ட அந்தக் குறுக்குக் கோட்டின் ஓரத்தில்தான் மயிரிழை போன்ற விரிசல் தொடங்கும். பெயின்ட் மேல் மெல்லிய துருக்கோடாகத்தான் அது முதலில் கண்ணுக்குத் தெரியும். வலுத்தகடு சேர்ப்பதானால் அதன் முனைகள் சதுரமாக நிற்காமல் கூராகச் சரிந்து முடியட்டும்.

கூட்டும்போது முதலில் பொட்டுப் பொட்டாக மட்டும் பிடித்துவிட்டு மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். வெளியளவு 2,440க்கு 1,220 மி.மீ. என்றால் இரண்டு மூலைவிட்டங்களும் 2,728 மி.மீ. வர வேண்டும். பிறகு ஒரே மூலையில் தொடர்ந்து வெல்டிங் வைக்காமல் எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி வைத்தால் சட்டம் கோணாது. 7018 என்ற வகை வெல்டிங் ராடு பயன்படுத்துவதானால் அதை உலர்த்திச் சூடாக வைத்திருந்தே எடுக்க வேண்டும். நம் ஊர் மழைமாதங்களில் திறந்து கிடக்கும் கட்டு ஈரத்தை உறிஞ்சிவிடும்.

மறுமொழி: குளச்சல் கரை

பட்டறை அண்ணாச்சி சொன்ன அளவுகளை நான் முழுமையாக ஏற்கிறேன். கடலோரத்தில் வாழ்பவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். மூடிய குழாய் வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட உள்ளிருந்து துருப்பிடிப்பதே ஆபத்தானது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்க, உள்ளே பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருக்கும். இதற்கு இரண்டு வழிகள்தாம் உண்டு. ஒன்று, எல்லா முனைகளையும் தகடு வைத்து வெல்டிங்கால் காற்றுப்புகாமல் அடைத்துவிடுவது. மற்றொன்று, அடிமுகத்தில் தாராளமாகத் துளைகள் விட்டு, நீர் வடியவும் காற்று உலவவும் வழி செய்து, உள்ளே துருத்தடுப்பு மெழுகைப் பீய்ச்சுவது. இரண்டுங்கெட்டான் நிலையே கெடுதலானது: ஊசித்துளை அளவு இடைவெளி இருந்தாலும் பகலில் சூடேறி விரிந்த காற்று இரவில் சுருங்கும்போது உப்பு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், உள்ளே போனது வெளியே வராது. அடைத்த குழாயில் தரைப்பலகைக்காகப் போல்ட் துளை போட்டாலும் அடைப்பு வீணாகிவிடும். ஆகவே போல்ட் வரும் இடங்களில் குழாயை ஊடுருவும் சிறு புஷ் (உட்குழல்) ஒன்றை வைத்து, இரு பக்கமும் சுற்றிலும் வெல்டிங் வைத்துவிடுங்கள்.

செலவு செய்ய முடியுமானால், வெல்டிங் முழுவதும் முடிந்தபிறகு சட்டத்தை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பதே நம் கரைக்கு ஏற்றது. அந்தத் தொட்டி ஏறத்தாழ 450 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும். குழாயில் போக்குத் துளைகள் இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகிக் குழாயே வெடித்துச் சிதறும். எனவே இந்த வழியை எடுப்பவர் முனைகளை அடைக்கவே கூடாது. முக்கி எடுத்த பிறகு அதன்மேல் வெல்டிங் வைக்காதீர்கள். பூச்சும் போகும், துத்தநாகப் புகை காய்ச்சலையும் கொண்டுவரும்.

இங்கே 1980களிலிருந்து ப்ளைவுட் வள்ளங்கள் கட்டும் வழக்கம் உண்டு. ப்ளைவுட் நீரை வாங்குவது முகத்தின் வழியாக அல்ல, வெட்டிய விளிம்பின் வழியாக என்பது அந்தத் தச்சர்களுக்கு நன்றாகத் தெரியும். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தரநிலைக்குரிய மரைன் ப்ளைவுட் வாங்கினாலும் ஒவ்வொரு விளிம்பையும் போல்ட் துளையின் உட்சுவரையும் எபாக்ஸி பூசி அடைத்த பிறகே சட்டத்தின்மேல் ஏற்றுங்கள்.

கேட்டவர்: தக்கலைப் பயணி

அண்ணாச்சி இருவருக்கும் நன்றி. 80×40×3 குழாயும் துத்தநாகக் குளியலும் என்று முடிவு செய்துவிட்டேன். அச்சைச் சட்டத்தின் நடுவில் வைப்பதா, பின்னுக்குத் தள்ளுவதா? சமையல் சாமான் முழுவதும் பின்பக்கம் இருப்பதால் குழப்பமாக இருக்கிறது.

மறுமொழி: ஆரல்வாய்மொழிக்காரன்

மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும் அல்லவா? காருக்குப் பின்னால் அதுவே நடந்தால் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கிக் காரின் பின்பகுதியையே அசைத்துவிடும். காரோடு மாட்டும் இணைப்பின்மீது மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை அமர வேண்டும். உங்கள் 450 கிலோவுக்கு அது 45 முதல் 67 கிலோ. இணைப்பிலிருந்து அச்சு வரை 2.7 மீட்டர் என்று கொண்டால், 12 விழுக்காடு கிடைப்பதற்கு வண்டியின் எடைமையம் அச்சுக்கு ஏறத்தாழ 32 செ.மீ. முன்னால் விழ வேண்டும். எனவே அச்சு நடுவுக்குப் பின்னால்தான் வரும். ஆனால் அந்த இடத்தை இப்போதே முடிவு செய்யாதீர்கள். அச்சிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை வைத்தாலே இணைப்பின் மீதுள்ள பாரத்தில் ஏறத்தாழ 9 கிலோ குறைந்துவிடும். குளியலுக்குப் பிறகு வெல்டிங் கூடாது என்பதால், பட்டை ஸ்பிரிங்கின் தாங்கிகளுக்கு நெடுஞ்சட்டத்தில் வரிசையான போல்ட் துளைகளை முன்கூட்டியே விட்டுவைத்து, உடற்பகுதி முடிந்து சாமான்கள் ஏறியபின் வண்டியை மட்டமாக நிறுத்தி, இணைப்புக்கு அடியில் எடைக்கருவி வைத்துப் பார்த்து அச்சை நகர்த்தி முடுக்குங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எங்கள் ஊர்க் காற்று. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கணவாய் வழியாகப் பாயும் காற்றால்தான் முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்கின்றன. அங்கே முன்பாரம் குறைந்த டிரெய்லரோடு லாரியை முந்தினால், மறைவிலிருந்து வெளியேறும் நொடியில் பக்கக்காற்று வண்டியைத் தள்ளும். இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளையும் இணைப்புக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். இணைப்பு கழன்றாலும் தண்டு தரையில் குத்தாமல் சங்கிலியின் மேல் விழும்.

இரும்பு வாங்குவதற்கு முன் இன்னொரு வேலையும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறையில் டிரெய்லரும் மோட்டார் வாகனமே. பதிவில்லாமல் பொதுச்சாலையில் ஓட்ட முடியாது. அளவுகள் குறித்த வரைபடத்தையும் காரின் கையேட்டில் இழுவை எடை பற்றிச் சொல்லியிருக்கும் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் எல்லைக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் சென்று, வீட்டில் கட்டிய டிரெய்லருக்கு என்னென்ன ஒப்புதல்கள் தேவை என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அந்தப் பதிலுக்கேற்ப விளக்கு, பிரேக், எண்பலகை ஆகியவற்றுக்கான தாங்கிகளையும் குளியலுக்கு முன்பே சட்டத்தில் வைத்துவிடலாம்.